பேச விரும்புபவர் யார்?

லிகிஸ்கோஸ் கிழவர் எழுந்தார் என்றால் எங்கள் ஊர்க் கூட்டத்தில் பாதிப் பேர் முனகுவார்கள். மீதிப் பேர் மேலாடையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு தூங்கத் தயாராவார்கள். கட்டியக்காரன் நடுவில் வந்து நின்று, "பேச விரும்புபவர் யார்?" என்று கூவி முடிப்பதற்குள் கிழவர் எழுந்துவிடுவார். ஆட்டு விவகாரமோ, வாய்க்கால் தகராறோ, ஹெராக்ளேஸ் கோயிலுக்குக் கூரை மாற்றுவதோ, எதுவாக இருந்தாலும் அவர்தான் முதல் ஆள்.

சரி, பேசிவிட்டுப் போகட்டும் என்றால் அதுவும் இல்லை. விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் சம்பந்தமே இல்லாமல் ஒன்று சொல்வார். "முதல்ல ஒண்ணு. கரீனோஸோட அம்மா லெம்னோஸ் தீவுல குடியேறின ஏதென்ஸ்காரரோட பொண்ணு. அவங்கப்பா பலிபீடத்துல கை வெச்சு சத்தியம் பண்ணினார். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்." இதைச் சொன்ன பிறகுதான் ஆடு.

"தாத்தா, கரீனோஸ் யாரு? ஆட்டுக்காரனா?" என்று ஒரு பொடியன் கேட்பான். சிரிப்பு கிளம்பும். சிரிக்கிறவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாதிப் பேர் அது நடந்த வருஷம் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பையன்கள். விஷயம் தெரிந்த மற்ற பாதி, தெரியாத மாதிரி ஹிமெத்தோஸ் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எனக்குக் கோபம் வருவது அவர்கள் மேல்தான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது, பெரும்பாலும் கிழவரே என்னிடம் சொன்னதுதான். அப்போது அவருக்கு நாற்பது வயது. அந்த ஆளைக் கிழவர் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் என்றே சொல்கிறேன்.

லிகிஸ்கோஸும் கரீனோஸும் அடுத்தடுத்த தோட்டக்காரர்கள். ஒரே செக்கில் ஒலிவக்காய் ஆட்டியவர்கள். பதினாறு வயதில் இருவருக்கும் ஒரே நாளில், ஒரே பலிபீடத்தில் முடி இறக்கினார்கள். கரீனோஸ் வாய்க்காரன், துணிந்தவன், கையில் இருப்பதைச் செலவழித்துவிட்டுச் சிரிக்கிறவன். லிகிஸ்கோஸ் நேர்மாறு. சந்தையில் மீன் வாங்கப் போனால் மூன்று சுற்றுச் சுற்றுவான், நான்காவது சுற்றில் மீன் தீர்ந்திருக்கும்.

இருபத்தெட்டு வயதில் கரீனோஸ் ஒரு தடவை நகரத்துக்குப் போய், வார்த்தைகளைப் பிளந்து காட்டும் வாத்தியார் ஒருவரின் பேச்சைக் காசு கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தான். வந்ததிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை.

"டேய், நாம ஆசை ஆசைங்கறோமே, அதுக்கு எத்தனை விதமா பேரு இருக்குன்னு தெரியுமாடா உனக்கு?"

"எனக்குத் தெரிஞ்சது பசி ஒண்ணுதான்."

"அது எபிதூமியா. வயித்துலேருந்து கெளம்பறது. கண்ணு முன்னால ஒண்ணு நிக்குது, அதைப் பாத்து மனசு ஓடுது பாரு, அது ஹிமெரோஸ். கைய விட்டுப் போனதை நெனச்சு ஏங்கறோமே, அது போதோஸ். உக்காந்து யோசிச்சு, இது நமக்கு நல்லதுன்னு விரும்பினா பூலேசிஸ்."

"இதுக்கா ரெண்டு நாள் கூலிய குடுத்துட்டு வந்தே? ஹெராக்ளேஸே! எங்கிட்ட குடுத்திருந்தா அஞ்சாவதா ஒண்ணு நானே சொல்லியிருப்பேன்."

"அஞ்சாவது இருக்குடா. இதெல்லாம் இருந்தும் ஆள் எழுந்திரிக்கலேன்னா ஒண்ணும் நடக்காது இல்ல? சரி, நான் செய்யறேன்னு எழுந்து நிக்கறது, அதுக்குப் பேரு எதெலைன்." கரீனோஸ் கையிலிருந்த செக்கு எண்ணெயை லிகிஸ்கோஸின் முதுகில் துடைத்துக்கொண்டு சிரித்தான். "உங்கிட்ட மத்த நாலும் மூட்டை மூட்டையா கெடக்கு. இது மட்டும் ஒரு படி கூடக் கெடையாது."

லிகிஸ்கோஸும் சிரித்தான். அந்தச் சமயத்தில் அவன் மனதில் இருந்தது ஒனேதோரின் மகள் ஆர்க்கிப்பா. ஒனேதோர் மலைச்சரிவில் தேனீ வளர்ப்பவர். மனைவி படுத்த படுக்கையாகிவிட்டதால் மகளை இருபது வயது தாண்டியும் கட்டிக்கொடுக்காமல் வைத்திருந்தார். தெமேதர் தேவியின் விழாவில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்து வந்ததைப் பார்த்த நாளிலிருந்து லிகிஸ்கோஸுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் போய்க் கேட்க வேண்டுமே! ஒலிவக்காய் பறிப்பு முடியட்டும் என்றான். பிறகு உழவு முடியட்டும் என்றான். கரீனோஸிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் கரீனோஸ் செக்குக்கு ஓடிவந்து, "ஒனேதோர் பொண்ணைக் கேட்டேன், குடுத்துட்டார்டா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். லிகிஸ்கோஸ் கல்யாணத்தில் பந்தம் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவனும் பிறகு ஒரு சொந்தக்காரப் பெண்ணைக் கட்டினான். அவள் பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை.

இப்படிப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. அதற்கப்புறம்தான் அந்தப் பாழாய்ப்போன உத்தரவு வந்தது. ஊருக்கு ஊர் குடிமக்கள் பட்டியலை எடுத்துவைத்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, இவன் தாயும் தகப்பனும் ஏதென்ஸ்காரர்தானா என்று ஊராரே கல் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். அல்ல என்று கல் விழுந்தால் நிலம் வைத்துக்கொள்ள முடியாது, கூட்டத்தில் உட்கார முடியாது, ஏதென்ஸ்காரியோடு குடும்பம் நடத்த முடியாது. நியாயம் கேட்டு நீதிமன்றம் போகலாம். அங்கேயும் தோற்றால் ஆளையே அடிமைச் சந்தையில் விற்றுவிடுவார்கள். நல்ல சட்டம் என்று நகரத்தில் கைதட்டினார்கள். ஊருக்குள் யாருக்கு யார் மேல் காய்ச்சல் என்று நகரத்துக்கு என்ன தெரியும்?

எங்கள் ஊர்த்தலைவர் திராசில்லோஸுக்குக் கரீனோஸ் மேல் காய்ச்சல். அவர் ஆடுகள் கோயில் நிலத்தில் மேய்ந்ததற்குக் கரீனோஸ் கோயில் பொறுப்பில் இருந்தபோது கூட்டத்தில் நிற்க வைத்து அபராதம் போட்டிருந்தான். அந்த மனுஷர் ஆறு வருஷம் அதை வயிற்றிலேயே வைத்திருந்தார்.

கரீனோஸின் பெயர் நடுப்பகலில் வந்தது. திராசில்லோஸ் எழுந்து மெதுவாகத் தொடங்கினார்.

"தகப்பன் நம்ம ஆளு. அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. தாய் யாரு? எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து கூட்டிட்டு வந்தான். அவ பேசினா பாதி நமக்குப் புரியாது. லெம்னோஸ்ல குடியேறின நம்மாளோட பொண்ணுன்னு சொல்றாங்க. சொல்லலாம்! யாரு பாத்தா? இங்க யாராவது பாத்தவங்க இருந்தா சொல்லட்டும்."

பார்த்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். முடி இறக்கின அந்த நாளில், லெம்னோஸிலிருந்து கரீனோஸின் தாத்தா கப்பலில் வந்திருந்தார். பலிபீடத்தில் கை வைத்து, இவள் என் மகள், இவள் தாயும் ஏதென்ஸ்காரி, முறைப்படி கட்டிக்கொடுத்தேன் என்று சத்தியம் செய்தார். கூட நின்ற பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசி ஆள் அந்தக் குளிர்காலத்தில்தான் செத்தார். மிச்சமிருந்த ஒரே சாட்சி, மழித்த தலையோடு பக்கத்தில் நின்ற லிகிஸ்கோஸ். தன் பிறப்புக்குத் தானே சாட்சி சொன்னால் எடுபடாது, ஆனால் லிகிஸ்கோஸ் இருக்கிறான் என்று கரீனோஸுக்குத் தெரியும். அதனால்தான் அவன் பயப்படாமல் உட்கார்ந்திருந்தான். திரும்பி லிகிஸ்கோஸைப் பார்த்து, "போ, சொல்லு" என்பதுபோல் புருவத்தை உயர்த்தினான்.

"பேச விரும்புபவர் யார்?" என்று கட்டியக்காரன் கூவினான். எங்கள் ஊரில் மூன்று தடவை கூவுவது வழக்கம்.

லிகிஸ்கோஸ் எழுந்திருக்கத்தான் நினைத்தான். கூட்டம் என்றாலே அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது அழைப்புக்கு எழுந்துவிடலாம் என்று வழக்கம்போல் தள்ளிப்போட்டான். அந்த இடைவெளியில்தான் அந்த எண்ணம் வந்தது. கரீனோஸ் குடிமகன் இல்லையென்றால் அந்தக் கல்யாணம் செல்லாது. ஆர்க்கிப்பாவை அவள் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவான். பிறகு வேறு யாருக்காவது கொடுக்க வேண்டும். மனைவி இல்லாதவன், பக்கத்துத் தோட்டக்காரன், தெரிந்த குடும்பம்.

அவன் அதைத் தேடிப் போகவில்லை. தானாக வந்தது. ஆனால் வந்ததை விரட்டவும் இல்லை.

"பேச விரும்புபவர் யார்?"

கரீனோஸின் முகத்தில் சிரிப்பு குறைந்தது. "டேய்" என்று உதட்டை மட்டும் அசைத்தான். லிகிஸ்கோஸ் தன் செருப்பைப் பார்த்தான்.

"பேச விரும்புபவர் யார்?"

யாரும் எழவில்லை. கட்டியக்காரன் கோலைத் தரையில் தட்டினான். அந்தத் தட்டுச் சத்தம் கேட்டதும்தான் லிகிஸ்கோஸுக்குச் சுரணை வந்தது. அடப் பாவி, என்ன செய்தேன் என்று எழுந்தான். "உக்காருய்யா, நேரம் முடிஞ்சுது" என்றார் திராசில்லோஸ்.

ஆளுக்கு ஒரு வெள்ளைக் கல், ஒரு கறுப்புக் கல். வெள்ளை என்றால் குடிமகன், கறுப்பு என்றால் இல்லை. எண்ணவேண்டியதை வெண்கலக் குடத்தில் போட்டுவிட்டு மற்றதை மரக் குடத்தில் எறிய வேண்டும். லிகிஸ்கோஸ் வெண்கலத்தில் வெள்ளையைத்தான் போட்டான். வாயால் செய்யாததைக் கையால் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. வெள்ளை இருபத்திரண்டு விழுந்தது, கறுப்பு முப்பத்தொன்று. விஷயம் தெரியாமல், யாரும் பேசவில்லையே, அப்படியானால் உண்மையாகத்தான் இருக்கும் என்று கறுப்பைப் போட்டவர்களே பத்துப் பேருக்கு மேல். பிறகு அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் கரீனோஸ் செக்குக்கு வந்தான். கத்தவில்லை. செக்குக் கல் மேல் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துப் பாதியை லிகிஸ்கோஸிடம் நீட்டினான்.

"வாயில என்ன அத்திப்பழமா வெச்சிருந்தே?"

லிகிஸ்கோஸ் ரொட்டியை வாங்கவில்லை.

"சரி விடு. உனக்குக் கூட்டம்னா கை கால் நடுங்கும்னு எனக்குத் தெரியாதா? நேத்து ராத்திரி அவகிட்டயும் அதான் சொன்னேன். நீதிமன்றத்துக்குப் போறேன். அங்க வந்து சொல்லிடு."

"வர்றேன்."

"வருவே. ஆனா ஒண்ணு யோசிச்சேன்." கரீனோஸ் ரொட்டியைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான். "திராசில்லோஸ் கேப்பான். ஊர்ல மூணு தடவ கூப்பிட்டமே, அப்ப எங்க போச்சு இந்தச் சாட்சி, இப்ப காசு வாங்கிட்டியான்னு கேப்பான். உக்காந்திருக்கற ஐநூறு நடுவருங்களும் அதத்தான் கேப்பாங்க. பயமா இருந்துச்சுன்னு சொன்னா சிரிப்பாங்க. நான் தோத்தா என்ன ஆவும்னு உனக்குத் தெரியும். என்னடா சொல்லுவே?"

லிகிஸ்கோஸ் இரவெல்லாம் அதற்குத்தான் விழித்திருந்தான். "உண்மையச் சொல்லுவேன்" என்றான்.

"என்ன உண்மை?"

"உனக்கு முன்னாலேருந்தே எனக்கு ஆர்க்கிப்பா மேல ஆசை. நீ போயிட்டா அவளக் கேக்கலாம்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். அதான் எழுந்திரிக்கல. இதைச் சொன்னா நம்புவாங்க. இவ்வளவு கேவலமான காரணத்த எவனும் காசுக்குக் கட்டிச் சொல்ல மாட்டான்."

கரீனோஸ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே உதிர்த்தான். செக்கடியில் ஒரு கோழி வந்து சிந்திய ரொட்டித் துணுக்குகளைக் கொத்திக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு வருஷமாவா?"

"ஆமா."

"என் வீட்டுல உக்காந்து தின்னுக்கிட்டே?"

"ஆமாடா."

"ஐநூறு பேருக்கு முன்னால நின்னு இத நெஜமாவே சொல்லுவியா?"

"சொல்லுவேன். ஸேயுஸ் சாமி மேல சத்தியமா சொல்லுவேன்."

கரீனோஸ் சிரித்தான். "ஆக, வந்துடுச்சு உனக்கு. அஞ்சாவது. நேத்து மத்தியானம் வந்திருக்கக் கூடாதாடா?"

அவன் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டான். "வேணாம். பொண்டாட்டி பேர நீதிமன்றத்துல எவனாவது எடுப்பானா? எதிரிகூட எடுக்க மாட்டான். மீன் சந்தையில, சவரக் கடையில நாளைக்கு அவதான் பேச்சா இருப்பா. அவளும் ஏதோ பண்ணியிருப்பாம்பாங்க. நான் பட்டியல்ல இருக்கறதுக்கு அவளத் தெருவுல விடணுமா? போடா."

அவன் நீதிமன்றம் போகவில்லை. நிலத்தை ஆர்க்கிப்பாவின் அண்ணன் பெயருக்கு மாற்றிவிட்டு, தாசோஸ் தீவில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு பழைய சிநேகிதனிடம் வேலைக்குப் போகத் தீர்மானித்தான். அண்ணன்காரன் தங்கையைக் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாளாம். ஊர் அதையும் வாயில் போட்டு மென்றது.

பத்து நாள் கழித்து, கப்பல் புறப்படும் காலையில், லிகிஸ்கோஸ் பிரேயுஸ் துறைமுகத்துக்குப் போனான். கழுதைகளும் எண்ணெய் ஜாடிகளுமாக இரைச்சல். கரீனோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்தான், ஒரு கணம் நின்றான், பிறகு அடுத்த மூட்டையைத் தூக்கினான். ஆர்க்கிப்பாதான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அருகில் வந்தாள்.

"அவர் சொல்லிட்டார், அண்ணே. எல்லாத்தையும்."

லிகிஸ்கோஸுக்குத் தலை நிமிரவில்லை. "மன்னிச்சிடும்மா."

"எதுக்குன்னு சொல்லுங்க. இப்ப பேசாததுக்கா, அப்ப பேசாததுக்கா?"

அவனுக்குப் புரியவில்லை. "அப்பன்னா எப்பம்மா?" என்றான்.

"எங்கப்பாவுக்கு உங்களத்தான் பிடிச்சிருந்துது. அமைதியான பையன், தேனீ கொட்டாதுன்னு சொல்லுவார். அந்த வருஷம் தேன் எடுப்பு முடிஞ்சு ஒரு மாசம் உங்க வீட்டுப் பாதையையே பாத்துக்கிட்டிருந்தார். அவன் வந்து ஒரு வார்த்தை கேட்டா குடுத்துடலாம்னு படுக்கையில இருந்த எங்கம்மாகிட்ட சொன்னார். நான் அடுப்படியில இருந்தேன், கேட்டுது. நீங்க வேலிவரைக்கும் வருவீங்க, திரும்பிப் போயிடுவீங்க. அப்புறம் அவர் வந்தார். நேரா உள்ள வந்து கேட்டார்."

"ஆர்க்கிப்பா... உனக்கு? நீ என்ன நெனச்சே?"

"என்னை யாரு கேட்டாங்க? யாராவது கேட்டாங்களா?" அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு இப்ப சொல்லி என்ன ஆகப்போவுது? பன்னெண்டு வருஷத்துல அவர் எனக்கு ஒரு குறை வெக்கல. எங்க அண்ணன் வந்து கையப் பிடிச்சு இழுத்தான், நான் வரலேன்னுட்டேன். அவர்கூட போறேன். யாரும் அனுப்பி நான் போகல, நானாத்தான் போறேன். அத நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் உங்ககிட்ட வந்தேன், அண்ணே."

"ஏய், ஏறு!" என்று கரீனோஸ் பலகையிலிருந்து கூப்பிட்டான். அவள் போனாள். கப்பல் பாய் விரித்துப் போய் மறையும்வரை லிகிஸ்கோஸ் அங்கேயே நின்றான். கையை விட்டுப் போனதை நினைத்து ஏங்குவதற்குக் கரீனோஸ் ஒரு பெயர் சொன்னானே, அது அன்றைக்கு அவன் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. சுமை தூக்குகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் கட்டியக்காரன் முதல் தடவை கூவியவுடன் லிகிஸ்கோஸ் எழுந்தான். பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினான். கரீனோஸின் அம்மா, லெம்னோஸ், பலிபீடம், சத்தியம், எல்லாம். "நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்று அழுதான். திராசில்லோஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கல் போட்டு முடிந்த விஷயம், பட்டியலை நகரத்துக்கு அனுப்பியாயிற்று, உட்கார் என்றார். அதற்கடுத்த மாதமும் சொன்னான். திராசில்லோஸ் செத்தார், வேறு தலைவர் வந்தார், அவரும் போனார். தாசோஸிலிருந்து ஒரு சேதியும் இல்லை. யாரும் எழுதவில்லை, இவனும் எழுதிக் கேட்கவில்லை.

போன மாதக் கூட்டத்தில் ஒரு மது வியாபாரி ஓரமாக வந்து நின்றுகொண்டிருந்தான். வெளியூர்க்காரன், பணம் வாங்க வந்தவன். கிழவர் வழக்கம்போல் எழுந்து, வழக்கம்போல் தொடங்கினார். பொடியன்கள் வழக்கம்போல் சிரித்தார்கள். கூட்டம் கலைந்ததும் அந்த வியாபாரி கிழவரிடம் வந்தான்.

"பெரியவரே, நீங்க சொன்னது தாசோஸுக்கு வந்த கரீனோஸா? திராட்சைத் தோட்டத்துல இருந்தவர், வார்த்தைக்கு வார்த்தை வேடிக்கை பேசுவாரே?"

கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கானா?"

"மூணு வருஷம் ஆச்சுங்க போய். காய்ச்சல். அந்தம்மாதான் அடக்கம் பண்ணினாங்க. நடுகல் வெக்கறப்ப ஒரு தகராறு. ஏதென்ஸ்காரர்னு பொறிக்கச் சொன்னாங்க அந்தம்மா. ஊர்க்காரங்க முடியாதுன்னுட்டாங்க. சாட்சி இருக்கா, உங்க ஊர்ல யாராவது வந்து சொல்லுவாங்களான்னு கேட்டாங்க. அந்தம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம், ஒருத்தர் இருக்கார், அவரு சொல்ல மாட்டார்னுட்டாங்க. வெறும் பேர் மட்டும்தான் கல்லுல இருக்கு."

வியாபாரி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போய்விட்டான்.

நேற்று மறுபடியும் கூட்டம். வாய்க்கால் தூர்வாரும் விஷயம். கட்டியக்காரன் நடுவில் வந்து, "பேச விரும்புபவர் யார்?" என்று கூவிவிட்டுக் கிழவர் இருக்கும் பக்கம் பார்த்துச் சிரித்தான். கிழவர் எழுந்தார்.

"முதல்ல ஒண்ணு" என்றார். "கரீனோஸோட அம்மா லெம்னோஸ் தீவுல குடியேறின ஏதென்ஸ்காரரோட பொண்ணு."

"தெரியும் தாத்தா, பலிபீடம், சத்தியம்!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். கிழவர் அதையும் முழுக்கச் சொல்லி முடித்தார். பிறகு வாய்க்காலைப் பற்றி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். கட்டியக்காரன் இரண்டாவது தடவை கூவினான், மூன்றாவது தடவை கூவினான். வேறு யாரும் எழவில்லை.